ஏழு பகுதி உளவுத் தொடர்: மூண்டு பாத்தும் பிடிபடேல்ல

நிலாவெளிக்காத்து:
1979இல பிபிசி எடுத்த 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை', பிரித்தானிய உளவுத்துறைக்குள்ள இருக்கிற துரோகியைத் தேடுற கதை. திருகோணமலையில நாலைஞ்சு பேர் சேர்ந்து பாக்கிறம். தொடக்கத்தில ஒரு சூடு, அதோட சரி. பிறகு எல்லாரும் கதிரையில இருந்து கதைக்கினம். ஆர் எப்ப ஆருக்கு எதைச் சொன்னது எண்டு குழம்புது. எப்பிடிப் பாத்தா விளங்கும்? மற்றது, எதிரிக்குக் குப்பைத் தகவல் குடுத்து ஏமாத்திறது உண்மையிலயும் நடந்ததோ? துரோகி ஆரெண்டு மட்டும் சொல்லிப் போடாதேங்கோ.

கப்பல்துறை:
ஏழு பகுதி எண்டா சரியான பதிப்புத்தான். அமெரிக்காவுக்கு வெட்டி ஆறாக்கினது ஒண்டும் சுத்துது, அதை விடுங்கோ.

நாலாவதுக்குப் போக முதல், முதலாம் பகுதியின்ர முதல் காட்சியைத் திரும்பப் போடுங்கோ. நாலு பேர் ஒவ்வொருத்தரா அறைக்குள்ள வந்து இருக்கினம், கதையே இல்லை. ஒருத்தர் தேத்தண்ணிக் கோப்பைக்கு மேல தட்டை வைச்சு மூடிக்கொண்டு வாறார். சந்தேகப் பட்டியல் முழுக்க அந்த மேசையிலதான்.

பிறகு ஒரு கொப்பியில மூண்டு நிரல் கீறுங்கோ: நடந்த காலம், சொன்ன ஆள், அந்த நேரம் அதைத் தெரிஞ்சிருந்த ஆக்கள். மூண்டாவது நிரலைத்தான் கனபேர் விடுறது, அதில்லாமல் மற்ற ரெண்டாலும் பிரயோசனமில்லை. பழைய சம்பவமா வாறதெல்லாம் ஒருத்தர் சொல்லுற வாக்குமூலம். கண்ணால கண்டமாதிரி இருக்கும், ஆனா சாட்சியில்லை. பக்கத்தில சொன்னவரின்ர பேரை எழுதுங்கோ. துரோகியைத் தேடுற கதாநாயகன் ஸ்மைலியும் இதைத்தான் செய்யிறார்: பழைய கோப்புகளை விடுதி அறையில வைச்சு ஒண்டோட ஒண்டு ஒப்பிடுறார். பதிவேட்டில ஒரு பக்கம் இல்லையெண்டா, அந்தத் திகதி ஆருக்கோ சுடுது எண்டு அர்த்தம்.

மூன்றாம்வாங்கு:
ரெண்டாவது கேள்விக்கு. நடந்தது, அதுவும் பெரிய அளவில. தொழிலில அதுக்குப் பேர் கோழித்தீனி. முழுப் பொய்யைத் தீனியாப் போட்டா ரெண்டு மாதத்தில பிடிபடும். பெரும்பகுதி உண்மையா, எதிரி சரிபாக்கக் கூடியதா இருக்கவேணும், ஆனா பிந்திப் போனதா அல்லது பயனில்லாததா இருக்கவேணும்.

ரெண்டாம் உலகப்போரில ஜுவான் புஜோல் எண்ட ஸ்பானியர், கார்போ எண்ட பேரில பிரித்தானியருக்காக ஜெர்மன்காரரை ஏமாத்தினவர். தனக்குக் கீழ 27 ஒற்றர் எண்டு கணக்குக் காட்டினார், ஒருத்தரும் இல்லை. லிவர்பூல் ஆள் கப்பல் தொடரை ஏன் அறிவிக்கேல்ல எண்ட கேள்வி வரமுதல் ஆளைச் 'சாக' விட்டு, பத்திரிகையில மரண அறிவித்தலும் போட்டினம். ஜெர்மனி விதவைக்கு உதவிப் பணமும் குடுத்தது! 1944 யூன் 6 விடியப்புறம் நேசநாட்டுப் படை பிரான்சின்ர நோர்மண்டியில இறங்கப் போறதை முன்கூட்டியே அறிவிச்சவர், ஆனா பயன்படாத அளவுக்குப் பிந்தி. அதால நம்பிக்கை கூடினதுதான். மூண்டு நாள் கழிச்சு, நோர்மண்டி கண்கட்டு, பெரிய அடி பிரான்சின்ர இன்னொரு கரையான கலேயில எண்டு அனுப்பினதையும் நம்பினாங்கள். கடைசியில ரெண்டு பக்கத்தாலயும் பதக்கம்.

தொடரில இன்னொரு மடிப்பு இருக்கு. ரெண்டு தரப்பும் ஒரே சந்திப்பைத் தங்கட ஏமாத்து வேலை எண்டு நினைச்சா, தீனி எந்தப் பக்கம் போகுது, உண்மையான ரகசியச் சரக்கு எந்தப் பக்கம் போகுது? நாலாம் பகுதியிலயிருந்து இதை மட்டும் கேட்டுக்கொண்டிருங்கோ.

நிலாவெளிக்காத்து:
அப்ப நல்ல தகவல் கிடைச்சும் பிழையாப் போறது எப்பிடி?

கப்பல்துறை:
எங்கட துறைமுகத்தையே பாருங்கோ. 1942இல ஜப்பான் தாக்க வருது எண்டு பிரித்தானியர் சங்கேதம் உடைச்சு அறிஞ்சவை. ஏப்ரல் 1 அளவில எண்டு காத்திருந்தினம், ஆள் வரேல்ல. தண்ணியும் எண்ணெயும் குறைய, கப்பற்படை மாலைதீவில இருக்கிற அட்டு பவளத்தீவுக்குப் போட்டுது. அது ஜப்பானுக்குத் தெரியாத ரகசியத் தளம், ஒளிப்பு நல்லா வேலை செய்தது. ஆனா 5ஆம் திகதி கொழும்பு, 9ஆம் திகதி திருகோணமலை. இங்கயிருந்து முதல்நாள் இரவு எச்சரிக்கையில வெளிக்கிட்ட ஹெர்மிஸ், விமானம் ஒண்டும் இல்லாத விமானந்தாங்கி, திரும்பி வரேக்க மட்டக்களப்புக்கு அப்பால ஜப்பான் விமானங்கள் அடிச்சு மூழ்கிப்போச்சு. செய்தி சரி, திகதி பிழை. தொடரிலயும் ஒரு உண்மைத் தகவலைச் சொன்னவரை நம்பாமல் விடுற இடம் வரும், கவனியுங்கோ.

மூன்றாம்வாங்கு:
இது முடிஞ்சா நேரா 1982இல வந்த அடுத்த தொடர் 'ஸ்மைலிஸ் பீப்பிள்', ஆறு பகுதி. ரெண்டும் ஜோன் லெ காரேயின்ர நாவல்கள், இடையில இன்னொரு நாவல் இருக்கு, ஆசியாவில போய் எடுக்கச் செலவு கூட எண்டு பிபிசி அதை விட்டிட்டுது. அதைத் தேடி மினக்கெட வேண்டாம்.