ஆங்கில "கேஷ்" நம் "காசு"தானா?

கேள்வி: வேர்தேடி

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் என்று வாட்ஸப்பில் சுற்றும் பட்டியல் எதை எடுத்தாலும் கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி வரிசையில் "காசு – கேஷ்" கட்டாயம் இருக்கிறது. பெரிய ஆங்கில அகராதிகளைப் புரட்டினால் "கேஷ்" இரண்டு தனித்தனிப் பதிவாக வருகிறது. ஒன்றில் லத்தீன், மற்றதில் தமிழ். பள்ளிப் பிள்ளைகளுக்கான சொல்வரலாற்றுக் குறிப்பு ஒன்றில் சேர்க்க வேண்டும். எதை எழுதுவது? இரண்டுக்கும் உறவு உண்டா, இல்லையா?

பதில் 1: ஓலைச்சுவடி

அகராதி சொல்வது சரி. எழுத்து ஒன்றுதான், சொல் இரண்டு.

ரொக்கம் என்ற பொருளில் நாம் அன்றாடம் சொல்லும் "கேஷ்" பெட்டியில் பிறந்தது. லத்தீனில் "காப்ஸா" என்றால் பெட்டி; ரோமானியர் சுருள் ஏடுகளைப் போட்டு வைத்த உருளைப் பேழைக்கும் அதுவே பெயர். அது இத்தாலியில் "காஸ்ஸா", பிரெஞ்சில் "கெஸ்" ஆகி, வணிகர் கடையில் பணப்பெட்டியைக் குறித்தது. ஆங்கிலத்துக்கு வந்தபோதும் முதலில் பெட்டிதான். 1598-இல் வெளியான ஜான் ஃபுளோரியோவின் இத்தாலிய-ஆங்கில அகராதி "காஸ்ஸா"வுக்குப் பொருள் சொல்லும்போது வணிகரின் "கேஷ்" என்கிறது. பெட்டியின் பெயர் உள்ளே இருந்த பணத்துக்கு ஏறியது. பிறகு பெட்டிப் பொருள் வழக்கொழிந்து பணம் மட்டும் நின்றது. நம் ஊரில் "கல்லா" போன வழி இதேதான். கடையின் பணப்பெட்டிதான் கல்லா, ஆனால் "இன்னிக்கு கல்லா எவ்வளவு?" என்று கேட்கிறவர் பெட்டியையா விசாரிக்கிறார்?

"கெஸ்" எப்படி "கேஷ்" ஆனது என்று சிலர் இழுப்பார்கள். பிரெஞ்சின் இரட்டை "ஸ்" ஆங்கிலத்தில் "ஷ்" ஆவது வழக்கம். "பிரோஸ்" "பிரஷ்" ஆனது. நாய்க்கயிற்றைக் குறிக்கும் "லெஸ்" "லீஷ்" ஆனது. தனி விளக்கம் தேவையில்லை.

இன்னொரு "கேஷ்" சிறு மதிப்புள்ள செப்பு நாணயத்தின் பெயர். அது நம் காசுதான், சந்தேகமே வேண்டாம். தமிழிலிருந்து போர்த்துகீசியருக்கு, அவர்களிடமிருந்து ஆங்கிலேயருக்கு. சிக்கல் நடுவில் இருக்கும் போர்த்துகீசியரால் வந்தது. "காசு" காதில் விழுந்ததும் தங்கள் மொழியில் ஏற்கெனவே பெட்டிக்கு இருந்த "காய்ஷா" என்ற சொல்லின் எழுத்திலேயே அதையும் எழுதிவிட்டார்கள். அந்தக் "காய்ஷா"வும் லத்தீன் "காப்ஸா"வின் வழித்தோன்றல். ஆகவே ஆங்கிலத்துக்கு வந்து சேரும்போது இரண்டும் ஒரே உருவம்.

உங்கள் குறிப்பில் "கேஷ் என்ற பழைய நாணயப் பெயர் தமிழ்க் காசிலிருந்து வந்தது" என்று எழுதலாம். "கேஷ் கவுன்டர்", "கேஷ் புக்" எல்லாம் தமிழ் என்று எழுதினால் தவறு.

பதில் 2: தென்னாடன்

இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறீர்கள்? போர்த்துகீசியர் நம் கரைக்கு வந்து நூறு ஆண்டு கழித்துத்தானே ஆங்கிலத்தில் "கேஷ்" தலைகாட்டுகிறது? காசு லிஸ்பன் போய், அங்கிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவியிருக்கலாமே.

பதில் 3: ஓலைச்சுவடி

நல்ல கேள்வி. ஆனால் ஆண்டுக்கணக்கு இடிக்கிறது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498. இத்தாலியக் கணித அறிஞர் லூகா பசியோலி இரட்டைப் பதிவுக் கணக்குமுறையை விளக்கி வெனிஸில் அச்சிட்டது 1494. அதில் குறிப்பேட்டின் முதல் பதிவே "காஸ்ஸா"வில்தான் தொடங்குகிறது: காஸ்ஸா பற்று, முதல் (மூலதனம்) வரவு. பிளஸ் ஒன் கணக்குப்பதிவியலில் பிள்ளைகள் முதலில் போடும் அதே ரொக்கக் கணக்கு, முதல் கணக்குப் பதிவு. கப்பல் வருவதற்கு முன்பே இத்தாலிய வணிகர் ஏட்டில் இருக்கும் சொல்லைக் கப்பல் கொண்டுபோயிருக்க முடியாது.

இம்மாதிரி உரிமைகோரல் எது வந்தாலும் முதலில் மிகப் பழைய பதிவின் ஆண்டைப் பாருங்கள். அடுத்து அன்றைய பொருள். இன்றைய பொருளை வைத்து ஒப்பிடுவதால்தான் பாதிப் பிழை வருகிறது. "கேஷ்" முதலில் பெட்டி, காசு ஒருநாளும் பெட்டி அல்ல. பிறகு பக்கத்து மொழிகள். ஜெர்மன் "காஸ்ஸெ", ஸ்பானிஷ் "காஹா", பிரெஞ்சு "கெஸ்" எல்லாம் பெட்டிக் குடும்பம். ஒலி ஒற்றுமையைக் கடைசியில் பாருங்கள். பட்டியல் தயாரிப்பவர்கள் அதை முதலில் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

பதில் 4: செப்புக்காசு

நாணயப் பக்கத்தை நான் சொல்கிறேன். இந்த வழக்குக்குக் கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய சாட்சி ஒன்று உண்டு: கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக 1808-இல் அடித்த இருபது காசு. பர்மிங்காம் சோஹோ நாணயச்சாலையில் அச்சானது. ஒரு பக்கம் கம்பெனி முத்திரை, ஆண்டு. மறுபக்கம் மேலே பாரசீக எழுத்தில் "பீஸ்த் காஸ் சஹார் ஃபுலூஸ் அஸ்த்", அதாவது இருபது காசு நாலு ஃபுலூஸ் (அதுவும் ஒரு செப்பு நாணய அலகு). அதன் அடியில் ரோமன் எண்ணில் இருபதும் ஆங்கிலத்தில் "கேஷ்" என்றும் இருக்கும். பாரசீக வரியில் "ஸ்", ஆங்கில வரியில் "ஷ்". நம் வாயில் இருந்தபடி ஒன்று, போர்த்துகீசியர் வாயில் புகுந்து வந்தபடி இன்னொன்று, ஒரே வில்லையில்.

இந்த 1808 காசுகள் சந்தையில் நிறையக் கிடைக்கக் காரணம் ஒரு விபத்து. பீப்பாய் பீப்பாயாக ஏற்றிவந்த "அட்மிரல் கார்ட்னர்" கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மூழ்கிவிட்டது. 1980-களில் அள்ளியெடுத்தார்கள். வாங்குகிறவர்கள் தயவுசெய்து குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். அமிலம் செம்பின் மேல்பூச்சை உரித்துவிடும். மெல்லிய பாரசீக எழுத்துதான் முதலில் போகும்.

பழைய கணக்கைப் பெயர்த்து எழுதுவோர் வழக்கமாகச் சறுக்கும் இடமும் இதுதான்: எல்லாக் காசும் ஒரே மதிப்பல்ல. சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம் (அன்று அது ஒரு நாணயத்தின் பெயர்), 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்ற பொன் நாணயம். ஆக வராகனுக்கு 3360 காசு. 1818-இல் ரூபாய்க்கு மாறியபோது 100 வராகன் 350 ரூபாய் என்று வைத்தார்கள். வகுத்துப் பாருங்கள், ரூபாய்க்கு 960 காசு வரும். தரங்கம்பாடியில் டேனியரும் தங்கள் செப்பு நாணயத்தில் "காஸ்" என்றே பொறித்தார்கள். அங்கே 80 காஸ் ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய், எனவே ரூபாய்க்கு 640. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய், அதாவது 448. கன்னியாகுமரி மாவட்டத்துப் பழைய பத்திரம் ஒன்றைச் சென்னை வாய்பாட்டில் போட்டுக் கணக்கிட்டால் தொகை பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

வேர்தேடி

தெளிவாகிவிட்டது. இரண்டு கிளைக் கேள்விகள். சதுரத் துளை போட்ட சீன நாணயத்தையும் ஆங்கிலத்தில் "கேஷ்" என்கிறார்களே, அது எந்த வீடு? "கேஷியர்" எந்த வீடு?

பதில் 5: செப்புக்காசு

சீன நாணயம் நம் வீடு. சீனர் அதன் மதிப்பு அலகை "வென்" என்றார்கள். ஆசியத் துறைமுகங்களில் சில்லறைச் செப்பு எதைப் பார்த்தாலும் போர்த்துகீசியர் "காய்ஷா" என்று அழைத்துப் பழகிவிட்டார்கள். டச்சுப் பயணி லின்ஸ்கோட்டனின் நூல் 1598-இல் ஆங்கிலத்தில் வந்தபோது, ஜாவாப் பக்கம் நடுவில் துளையிட்டுக் கயிற்றில் கோத்த செப்புக் காசுக்கு அந்தப் பெயரையே தருகிறது. ஃபுளோரியோவின் அகராதி வந்த அதே ஆண்டு. சீனக் காசு விற்கும் எந்த ஏலப் பட்டியலிலும் இன்றுவரை நம் சொல்தான் ஓடுகிறது. வாட்ஸப் பட்டியல்காரர்கள் பெருமைப்பட வேண்டியது இதற்கு, ஆனால் இதை யாரும் எழுதுவதில்லை.

பதில் 6: ஓலைச்சுவடி

வங்கிக் "கேஷியர்" பெட்டி வீடு. ராணுவ அதிகாரியை அவமானப்படுத்தி வேலைநீக்கம் செய்வதற்கும் ஆங்கிலத்தில் அதே எழுத்தில் ஒரு வினைச்சொல் உண்டு. அது உடைத்தல், ரத்து செய்தல் என்ற பொருளில் பிரெஞ்சு, டச்சு வழியாக வந்த வேறு சொல். முந்திரியின் "கேஷ்யூ" பிரேசிலின் துப்பி மொழியிலிருந்து. "கேப்சூல்", வண்டியின் "சேஸிஸ்" இரண்டும் "காப்ஸா"வின் பேரப்பிள்ளைகள். பெட்டியைச் சொல்லும் "கேஸ்" அதே குடும்பம். கோர்ட்டில் நடக்கும் "கேஸ்" விழுதல், நேர்தல் என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்தது, உறவே இல்லை.

காசு நமக்கு எங்கிருந்து வந்தது என்றும் குறிப்பில் ஒரு வரி சேருங்கள். ஆங்கில அகராதிகள் பல, எடைப்பெயரான சமஸ்கிருதக் "கர்ஷ"த்தைக் கைகாட்டும். பர்ரோ, எமனோ தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியோ தமிழ், மலையாளம், கன்னடம், துளு, தெலுங்கோடு நீலகிரிக் கோத்தர் பேச்சு வரை இனச்சொற்களை அடுக்குகிறது. எப்படியானாலும் வயதுக்குக் குறைவில்லை. குறுந்தொகை 67-ஆம் பாட்டில் கிளி தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைப் பிடித்திருப்பது, புதுக்கயிற்றில் கோர்ப்பதற்காக ஒருவர் கூர்நகத்தால் பொற்காசைப் பிடித்திருப்பதுபோல் இருக்கிறது என்று வரும். அங்கே காசு நகையில் கோர்க்கும் பொன். வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாட்டில் நாள், மலரோடு அது உட்கார்ந்திருப்பது பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே தெரியும்.