மஞ்சள் கிறுக்கு எறும்பு: நச்சு இரை தூவலாமா, கூடாதா?

மலையடிவாரத்தான்:
2022-இல் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் வட்டாரத்தின் கரந்தமலை அடிவார ஊர்களில் இந்த எறும்பு பெருகி, ஆடு மாடுகளின் கண்களைத் தாக்கிய செய்தி பலருக்கும் நினைவிருக்கும். கடிக்கவோ கொட்டவோ செய்யாமல் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும் இந்த உயிரினத்தோடு, வீட்டைச் சுற்றி எறும்புப் பொடி தூவியே மக்கள் போராட வேண்டியிருப்பது கொடுமை. ஆஸ்திரேலியாவுக்குரிய கிறிஸ்துமஸ் தீவில் 2002-இல் ஹெலிகாப்டரிலிருந்து ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி கலந்த இரையைத் தூவிப் பெருங்கூட்டங்களை ஒடுக்கினார்கள். நாமும் அவ்வாறு செய்யத் தயங்குவது ஏன்?

கானகன்:
அந்தத் தீவின் மீதிக் கதையையும் சொல்ல வேண்டும். கோடிக்கணக்கான செந்நண்டுகளைக் கொன்ற எறும்பு 2002-இல் ஒடுங்கியது உண்மை; ஆனால் சில ஆண்டுகளிலேயே மீண்டும் பெருகியதால், 2009-இல் மறுபடியும் வானிலிருந்து தூவ நேர்ந்தது. தென்னை நண்டுகளும் அந்த இரையைத் தின்று மடியும் என்பதால், அவற்றை வேறு உணவு வைத்து அப்பால் ஈர்க்க வேண்டியிருந்தது. ஃபிப்ரோனில் தேனீயையும் மீனையும் கொல்லும் நஞ்சு. ஓடைகளும் மேய்ச்சல் நிலமும் கலந்து கிடக்கும் மலையில் அதை எப்படித் தூவுவது?

மலையடிவாரத்தான்:
மீண்டும் வந்தது என்பதற்காக முயற்சியே வீண் என்று சொல்வது சரியாகாது. பசிபிக் பெருங்கடலின் ஜான்ஸ்டன் பவளத்தீவில் 2010-இல் கண்டறியப்பட்ட இதே எறும்பை, பல ஆண்டுகள் விடாமல் இரை வைத்து, 2021-இல் முற்றிலும் ஒழித்துவிட்டதாக அமெரிக்க அரசு அறிவித்தது.

கானகன்:
அது நாற்புறமும் கடல் சூழ்ந்த சிறு தீவு. அங்கு எறும்பு பரவியிருந்த பரப்பும் மிகச் சிறியது. கரந்தமலைக்கு அப்படி எல்லை ஏது? மண்ணோடும் மரக்கட்டையோடும் நாற்றோடும் அது அடுத்த ஊருக்குப் போய்விடும்.

பூச்சியியல் மாணவி:
இருவரும் எறும்பை மட்டுமே பார்க்கிறீர்கள். அது எதைத் தின்று பெருகுகிறது என்பதே எனக்கு முதன்மையாகப் படுகிறது. ஒரே கூட்டத்தில் பல ராணிகள் இருப்பதாலும், அருகருகே உள்ள கூடுகள் தமக்குள் சண்டையிடாததாலும், பொடியால் வேலைக்கார எறும்புகளைக் கொல்வதில் பயன் குறைவு. மெதுவாகக் கொல்லும் இரைதான் ராணி வரை சென்று சேரும். ஆனால் மரங்களில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் செதில் பூச்சிகள் சுரக்கும் தேன் போன்ற திரவம் கிடைத்துக்கொண்டிருக்கும் வரை எஞ்சிய ராணிகள் மீண்டும் பெருகும். இதை உணர்ந்தே, எறும்புக்கு உணவளிக்கும் செதில் பூச்சியை அழிக்கும் ஒரு நுண்குளவியை 2016 டிசம்பரில் மலேசியாவிலிருந்து கிறிஸ்துமஸ் தீவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். வேறு உயிர்களுக்கு அக்குளவி கேடு செய்யாது என்பதை உறுதிசெய்யவே பல ஆண்டுகள் சோதித்தார்கள். அதே குளவி நம் மரங்களிலுள்ள பூச்சிகளுக்கும் பொருந்தும் என்று கருதிவிட முடியாது.

மலையடிவாரத்தான்:
பல ஆண்டுச் சோதனை முடியும் வரை, கண்ணிழந்த கன்றை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் காத்திருக்க முடியாது, அம்மா. ஆராய்ச்சி நடக்கட்டும், வீடும் தொழுவமும் உள்ள இடங்களில் மட்டுமாவது இரை வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கானகன்:
வானிலிருந்து தூவாமல், ஓடைக்கரையை விட்டு விலகி, மழையில்லாத நாட்களில், மூடிய பெட்டிகளில் இரை வைப்பதென்றால் என் மறுப்பைப் பெருமளவு விலக்கிக்கொள்கிறேன். ஆனால் அதே வாரத்தில், எந்த மரத்தில் எந்தச் செதில் பூச்சி இருக்கிறது என்ற கணக்கெடுப்பும் தொடங்கியாக வேண்டும். அதற்கு இசையாத எந்தத் திட்டத்தையும் நான் ஏற்க மாட்டேன்.