மஞ்சள் பெட்டை வாங்கியும் ஒன்பது குஞ்சும் பச்சை, ஏன்?

பாளை_மாடிக்கூண்டு:
எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் மொட்டை மாடியில் பட்ஜீஸ் வளர்க்கிறேன், கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்பார்களே அதுதான். மஞ்சள் குஞ்சுக்கு ஆசைப்பட்டு, லுட்டினோ என்கிற சிவப்புக் கண் மஞ்சள் பெட்டை ஒன்றை வாங்கி என்னுடைய பச்சை ஆணோடு விட்டேன். "பாதிக்குப் பாதி மஞ்சள் விழும்" என்றார் விற்றவர். இரண்டு தடவை பொரித்தாயிற்று, ஒன்பதும் பச்சை. ஆனால் தனிக் கூண்டில் இருக்கிற இன்னொரு ஜோடி, இரண்டுமே பச்சை, அதற்கு ஐந்தில் ஒன்று மஞ்சளாக வந்திருக்கிறது! நான் பார்க்காத நேரத்தில் கூண்டு மாறிப் போயிருக்கும் என்கிறார் என் மாமியார்.

தினை_பை:
கேரட் நிறையப் போடுங்கள் ப்ரோ, மஞ்சள் தானாக ஏறும்.

அம்பை_பானைக்காரன்:
கேரட்டை நீங்களே சாப்பிடுங்க தம்பி, கண்ணுக்கு நல்லது. கிளி இனத்துக்கு மஞ்சள் நிறமி தீனியிலிருந்து வருவதில்லை, அதன் உடம்பே தயாரித்துக்கொள்கிறது.

பாளைத் தம்பிக்கு: பறவைகளில் ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பெட்டைக்கு ஒன்றுதான். லுட்டினோ ஆக்குகிற மரபணு அந்த இசட்டில் இருக்கிறது. ஆண் ஒன்றில் அதை வைத்துக்கொண்டு வெளியே பச்சையாகத் திரியலாம், அதைத்தான் ஸ்பிலிட் என்கிறோம். பெட்டைக்கு ஒளித்துவைக்க இடமே இல்லை. இருந்தால் மஞ்சள், இல்லாவிட்டால் இல்லை.

பெட்டைக் குஞ்சுக்கு அந்த ஒற்றை இசட் அப்பனிடமிருந்துதான் வரும். உங்கள் மஞ்சள் பெட்டை தன்னுடையதை மகன்களுக்கு மட்டும்தான் கொடுத்தது. விற்றவர் சொன்ன பாதிக்குப் பாதி முழுப் பொய்யில்லை, ஆண் ஸ்பிலிட்டாக இருந்தால் நடக்கும். அப்படி இருந்தும் ஒன்பதும் பச்சையாக வர வாய்ப்பு 512-இல் ஒன்று. அதனால் உங்கள் ஆண் சுத்தப் பச்சை என்றே வைத்துக்கொள்ளலாம். அடுத்த கூண்டு ஆண்தான் ஸ்பிலிட். மாமியாரிடம் சொல்லிவிடுங்கள், அந்தப் பெட்டை மேல் ஒரு தப்பும் இல்லை.

பாளை_மாடிக்கூண்டு:
அண்ணாச்சி, அப்போ அந்த மஞ்சள் குஞ்சு ஆணா பெண்ணா? மூக்கு ரோஸாக இருக்கிறது.

அம்பை_பானைக்காரன்:
ஆத்தா பச்சை என்றால் மஞ்சள் குஞ்சு பெட்டைதான், மூக்கைப் பார்க்கவே வேண்டாம். லுட்டினோவில் மூக்கை நம்பினால் கெட்டீர்கள். மற்ற ஆண்களுக்கு நீலமாகிற மூக்கு, லுட்டினோ ஆணுக்கு வளர்ந்த பிறகும் ரோஸாகவே நிற்கும். இது தெரியாமல் இரண்டு ஆணை ஜோடி என்று கூண்டில் விட்டு, காருகுறிச்சியில் பார்த்துப் பார்த்து வாங்கின பானையைக் கட்டி, எட்டு மாதம் தினமும் டார்ச் அடித்து முட்டை தேடினவன் நான். இரண்டும் ஒன்றுக்கொன்று ஊட்டிக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருந்தன.

இனி வாங்கினால் மஞ்சள் ஆணாக வாங்குங்கள். பச்சைப் பெட்டையோடு விட்டால் பெட்டைக் குஞ்செல்லாம் மஞ்சள், ஆண் குஞ்செல்லாம் பச்சை ஸ்பிலிட். பொரித்த அன்றே தெரிந்துவிடும். இமை மூடியிருக்கும்போதே பச்சைக் குஞ்சுக்குக் கண் கறுப்பாகத் தெரியும், லுட்டினோவுக்குச் சிவப்பாகத் தெரியும். காசு செலவழிக்க மனசில்லையென்றால், அந்த ஒன்பதில் இருக்கிற ஆண்கள் எல்லாமே ஸ்பிலிட்தான். வேறு இடத்து மஞ்சள் பெட்டையோடு சேர்க்கலாம், தாயோடு வேண்டாம்.

பேட்டை_நீலம்:
நீலத்துக்கும் இதே கணக்கா அண்ணாச்சி?

அம்பை_பானைக்காரன்:
இல்லை. அது அப்பன், ஆத்தா இரண்டு பேரிடமிருந்தும் வரவேண்டும், அங்கே பெட்டையும் ஒளித்துவைக்கும். இரண்டும் நீல ஸ்பிலிட் என்றால் நாலில் ஒன்று நீலம் விழலாம். நீலச் சாயம் என்று அந்த இறகில் எதுவும் கிடையாது தெரியுமா? உதிர்ந்த நீல இறகு ஒன்றை அம்மியில் வைத்து நசுக்கிப் பாருங்கள், அழுக்குச் சாம்பல்தான் மிஞ்சும். இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி சிதறித்தான் நீலமாகத் தெரிகிறது, அதன் மேல் மஞ்சள் நிறமி சேர்ந்தால் பச்சை. அந்த மஞ்சளைத் தயாரிக்கிற ஒரு நொதியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதால்தான் பட்ஜி நீலமானது என்று 2017-இல் கண்டுபிடித்தார்கள்.

பாளை_மாடிக்கூண்டு:
அம்மி கீழ் வீட்டில் இருக்கிறது அண்ணாச்சி. மாமியார் தூங்கினதும் போய்ப் பார்க்கிறேன்.