ஷிட்ஸு நாய்க்குட்டிக்கு எத்தனை வாரத்துக்கு ஒருமுறை முடி வெட்ட வேண்டும்?

கேள்வி

வணக்கம். எங்கள் வீட்டில் 11 மாத ஷிட்ஸு இருக்கிறான், பெயர் முத்து. போன வாரம் முதல் தடவையாக முடி வெட்டக் கூட்டிப் போனோம். லேசாக ஒழுங்கு செய்தால் போதும் என்றுதான் சொன்னேன். திரும்பி வாங்கும்போது உடம்பு முழுக்க ஒட்ட மழித்து, பாதி உருவமாக நின்றான். "உள்ளே முழுக்கச் சடை பிடித்திருந்தது, வேறு வழியில்லை" என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தவன் ராத்திரி வரை வெளியே வரவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தினமும் சாயங்காலம் 10 நிமிஷம் பிரஷ் போடுகிறேன். மேலே தொட்டால் பட்டு மாதிரி இருக்கும். அப்புறம் சடை எங்கிருந்து வந்தது? 2 மாதத்துக்கு ஒருமுறை வெட்டினால் போதும் என்கிறார் ஒருவர். வெயில் காலத்தில் மாதாமாதம் மழித்துவிடுங்கள் என்கிறார் இன்னொருவர். எது சரி?

பதில் 1

ஷிட்ஸு, மால்டீஸ், பூடில் இதற்கெல்லாம் முடி நம் தலைமுடி மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும். 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை வெட்டுங்கள். கூடவே நகத்தையும் பார்த்துவிடுங்கள்.

பதில் 2

16 வருஷமாக நீள முடி நாய்களோடுதான் இருக்கிறேன். முதலில் ஒரு லாசா ஆப்ஸோ, இப்போது இரண்டு ஷிட்ஸு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் கவனிக்காமல் விட்டதால் வந்தது இல்லை இது. அவன் வயதைப் பாருங்கள். 8 மாதத்தில் தொடங்கி ஒரு வயது தாண்டும் வரை குட்டி முடி போய்ப் பெரிய முடி வருகிற காலம். உதிர்கிற மெல்லிய முடி தரையில் விழாது, வளர்கிற முடிக்குள்ளேயே மாட்டித் திரித்துக்கொள்ளும். நேற்றுச் சீவிய இடத்தில் இன்று முடிச்சு இருக்கும். எங்கள் லாசாவையும் 10ஆம் மாதத்தில் இதே மாதிரி ஒட்ட மழிக்க வேண்டி வந்தது. தோலோடு பாய் விரித்த மாதிரி சடை பிடித்துவிட்டால் அதைச் சீவி எடுப்பது நாய்க்குப் பெரிய வேதனை. மழித்தவர்கள் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் வெட்டும் முன்பே உங்களைக் கூப்பிட்டுக் காட்டியிருக்க வேண்டும்.

இப்போது பிரஷ் விஷயம். உங்கள் பிரஷ் மேலோடு போய்விட்டு வருகிறது. அதனால்தான் மேலே பட்டு, உள்ளே சடை. ஒரு கையால் முடியைத் தூக்கிப் பிடித்து, அடியில் தோல் ஒரு கோடாகத் தெரிகிற வரை வகிடு எடுங்கள். தலை பின்னுவதற்கு எடுப்போமே, அதே வகிடு. அந்தக் கோட்டிலிருந்து ஒரு அடுக்கை மட்டும் கீழே சீவிவிட்டு, அரை விரல் மேலே அடுத்த வகிடு. பாதத்தில் ஆரம்பித்து முதுகுக்கு ஏறி வாருங்கள். முடித்த பிறகு இரும்புச் சீப்பைத் தோலில் வைத்து நுனி வரை இழுத்துப் பாருங்கள். சீப்பு எங்கே நிற்கிறதோ அங்கே முடிச்சு. காதுக்குப் பின்னால், அக்குள், தொடை இடுக்கு, வாலின் அடி, கழுத்துப்பட்டை உரசுகிற இடம் இந்த ஐந்தையும் ஒரு நாளும் விடாதீர்கள்.

கோலிக்குண்டு அளவு முடிச்சு கையில் பட்டால், தோலுக்கும் முடிச்சுக்கும் நடுவில் இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்போது இழுப்பு தோலுக்குப் போகாது. சீப்பின் ஓரப் பல்லால் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். வரவில்லையா, விட்டுவிடுங்கள், டிரிம்மரால் எடுக்கட்டும். கத்தரி மட்டும் வேண்டவே வேண்டாம். முடிச்சோடு தோலும் சேர்ந்து எழும்பி நிற்கும், எது தோல் எது முடி என்று கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தவர் வீட்டு நாய்க்குக் காதுக்குப் பின்னால் இப்படி வெட்டுப்பட்டுத் தையல் போட்டார்கள்.

குளிப்பாட்டும் முன்பே சீவி முடித்துவிடுங்கள். முடிச்சில் தண்ணீர் பட்டுக் காய்ந்தால் கம்பளித் துண்டு மாதிரி இறுகிவிடும்.

சரி, கணக்குக்கு வருகிறேன். எவ்வளவு நீளம் வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உடம்பு முடியை ஒரு அங்குலத்துக்குள் வைத்திருந்தால், ஒன்று விட்டு ஒரு நாள் சீவினால் போதும், 6 முதல் 8 வாரம் தாங்கும். நீளமாக வேண்டுமென்றால் தினமும் சீவ வேண்டும், 4 வாரத்துக்கு ஒருமுறை லேசாக வெட்டவும் வேண்டும். ஆனால் கண்ணோரம், பாதத்துக்கு அடியில் விரல் இடுக்கு, பின்பக்கம் இவற்றை 3 வாரத்துக்கு மேல் விடாதீர்கள். ஷிட்ஸுவின் கண் வெளியே துருத்தி இருப்பதால் முடி குத்திப் புண்ணாகிவிடும்.

வெயிலுக்காக மழிக்கத் தேவையில்லை. நாய் முக்கியமாக நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. ஒட்ட மழித்த தோலில் வெயில் நேராகப் படும்.

இன்னொன்று, அவசரமாகச் சொல்ல வேண்டியது. காதில் சடை எடுத்த பிறகு சில நாய்கள் தலையை விடாமல் உதறும். அதனாலேயே காது மடலுக்குள் ரத்தம் கட்டலாம். மடல் வீங்கியிருந்தால் நாளைக்கு என்று தள்ளாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வயிறு, அக்குளில் தோல் சிவந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பதில் 3

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்களுடையது கோல்டன் ரெட்ரீவர். வீடெல்லாம் முடி. இவளுக்கு மழிக்கலாமா?

பதில் 4 (பதில் 2 எழுதியவர்)

வேண்டாம் அம்மா. கோல்டன், ஜெர்மன் ஷெப்பர்ட், பொமரேனியன் இவற்றுக்கு இரண்டு அடுக்கு முடி. அடியில் பஞ்சு மாதிரி ஒன்று, மேலே நீளமாக ஒன்று. மழித்தால் சிலவற்றுக்கு மேல்முடி சரியாகத் திரும்பி வராது, திட்டுத் திட்டாக நிற்கும். முடி கொட்டுவதும் நிற்காது, குட்டை முடியாகக் கொட்டும், அவ்வளவுதான். வாரம் இரண்டு மூன்று தடவை அடிமுடி வரை சீவுங்கள், கொத்துக் கொத்தாகக் கொட்டுகிற பருவத்தில் தினமும். கத்தரி பாதத்துக்கும் வாலோரத்துக்கும் மட்டும் போதும்.

கேள்வி கேட்டவர்

உடனே காதைப் பார்த்தேன், வீக்கம் இல்லை. உதறுவதும் நின்றுவிட்டது. இரும்புச் சீப்பு வாங்கிவிட்டேன். முடி இன்னும் குட்டைதான், சீவ ஒன்றும் இல்லை. ஆனாலும் தினமும் மடியில் போட்டு ஒவ்வொரு பாதமாகப் பிடித்துச் சீப்பை வைத்து எடுக்கிறேன். முன்னங்காலைத் தொட்டால் மட்டும் இழுத்துக்கொள்கிறான், முடி வளர்வதற்குள் அதற்கும் பழக்கிவிட வேண்டும். அக்குளில் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் தோல் சிவந்திருக்கிறது. சரியாக ஹார்னஸ் (கழுத்துக்குப் பதில் உடம்பில் மாட்டும் வார்) பட்டை படுகிற இடம். இனி வீட்டுக்குள் அதைக் கழற்றிவிடுகிறேன்.

பதில் 5 (பதில் 2 எழுதியவர்)

கழற்றிவிடுங்கள், அதுதான் சடைக்கும் ஆரம்பம். முன்னங்காலை நுனியில் பிடிக்காதீர்கள், முட்டிக்கு மேலே தாங்கிப் பிடியுங்கள். இழுக்க மாட்டான். 2 நாளில் சிவப்பு குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.