லைட் டேங்கில் முதல் இரண்டு நிமிடத்திலேயே சாகிறேன், எங்கே பிழை?

பேட்டை ஓட்டுநர் எழுதியது:

அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம். வேர்ல்ட் ஆஃப் டேங்க்ஸ் என்ற இணையவழி டேங்க் போர் ஆட்டத்தை ஆடத் தொடங்கி ஏழு மாதங்கள் ஆகின்றன. ஹெவி டேங்கில் ஓரளவு தாக்குப்பிடிக்கிறேன். ஆனால் அமெரிக்க வரிசையில் ஐந்தாம் டியரில் (படிநிலையில்) வரும் எம்24 சாஃபி என்ற லைட் டேங்கை எடுத்த நாளிலிருந்து, பதினைந்து பேர் கொண்ட அணியில் முதலில் சாகும் பெருமை பெரும்பாலும் எனக்கே கிடைக்கிறது.

நேற்றிரவு நடந்ததை அப்படியே சொல்கிறேன். ப்ரொகோரோவ்கா என்ற திறந்தவெளி மேப். கடிகாரம் ஓடத் தொடங்கியதும் முழு வேகத்தில் நடு வயலில் இறங்கினேன். எதிரிகள் நால்வர் திரையில் சிவப்பாகத் தெரிந்தார்கள், எதிரியைக் கண்டு அணிக்குக் காட்டுவதுதானே லைட் டேங்கின் வேலை என்று நானும் மகிழ்ந்தேன். எதிரி நம்மைப் பார்த்துவிட்டான் என்று காட்டும் விளக்கு எரிந்தது. வண்டியைத் திருப்புவதற்குள் எங்கிருந்தோ வந்த குண்டு செயினை அறுத்தது, அடுத்தது கதையை முடித்தது. சுட்டவன் யார் என்பது கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. நான் கொடுத்த டேமேஜ் பூஜ்யம். அணியில் ஒருவர் சாட்டில் எழுதியதை இங்கே எழுத இயலாது.

சாரல் காலத்தில் காற்றில் கேபிள் ஆடி பிங் ஏறுகிறது என்று சில நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். நேற்று காற்றே இல்லை. ஆகவே பிழை என்னிடம்தான். லைட் டேங்க் ஓட்டுபவன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமா, ஓரிடத்தில் பதுங்க வேண்டுமா? புதருக்குள் இருக்கும்போது சுடலாமா? ஹிம்மல்ஸ்டார்ஃப் போன்ற நகர மேப் வந்தால் எங்கே போவது?


வள்ளியூர் டீடி எழுதியது:

உங்கள் செயினை அறுத்தவன் என்னைப் போன்ற ஒரு டேங்க் டெஸ்ட்ராயர்காரனாகத்தான் (டீடி, தொலைவில் பதுங்கிச் சுடும் வண்டி) இருப்பான். முதல் இரண்டு நிமிடம் நாங்கள் வேறு வேலை எதுவும் செய்வதில்லை. பின்வரிசைப் புதரில் குழலை வயலின் பக்கம் நீட்டிக்கொண்டு, பொறுமையில்லாத லைட் டேங்க் ஒன்று வரும் என்று காத்திருக்கிறோம். நீங்கள் அந்த நால்வரைப் பார்த்தது உண்மைதான், ஆனால் அந்த நேரத்தில் உங்கள் அணியில் யாரும் சுடும் இடத்திற்கு வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள். நம் ஆட்கள் வந்து சேருமுன் காட்டிக்கொடுத்த எதிரியால் யாருக்கு என்ன பயன்?


கரையோரக் கண் எழுதியது:

தம்பி, நான் நாங்குநேரிப் பக்கத்துக்காரன். கூந்தன்குளத்தில் பறவை பார்ப்பதும் இரவில் லைட் டேங்க் ஓட்டுவதும் என் இரண்டு பொழுதுபோக்குகள், இரண்டும் ஒரே வேலைதான் என்று வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள். கூந்தன்குளத்தில் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும் நாரைகள் மனிதரைக் கண்டு அஞ்சுவதில்லை. குளத்தில் இறங்கும் வரித்தலை வாத்து அப்படியல்ல. கரையில் உடைமரத்தின் பின்னே உட்கார்ந்து பைனாகுலரைக் கண்ணில் வைத்தால், மூன்று மூச்சு விட்டுக் கை நடுக்கம் அடங்கிய பிறகுதான் அதன் தலைக் கோடுகள் தெளிவாகத் தெரியும். ஆட்டத்தில் வண்டியில் பொருத்தும் பைனாகுலர் கருவியும் அப்படியே செயல்படுகிறது. வண்டி அசையாமல் நின்று 3 வினாடி ஆன பின்புதான் பார்வைத் தூரத்தை 25 விழுக்காடு கூட்டும். டரட்டை, அதாவது குழல் பொருந்திய மேற்கூண்டை, திருப்பலாம், பாதகமில்லை. வண்டியின் உடலைத் திருப்பினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

இப்போது உங்கள் சாவின் கணக்கைப் பார்ப்போம். இந்தச் சூத்திரத்தை மனத்தில் பதித்துக்கொண்டால் பாதி ஆட்டம் கைக்கு வந்துவிடும். ஒருவன் உங்களை எத்தனை மீட்டரில் பார்ப்பான் என்பதை அறிய, அவனுடைய பார்வைத் தூரத்திலிருந்து 50 மீட்டரைக் கழித்து, மீதியை உங்கள் காமோவால், அதாவது வண்டியின் மறைப்பு விழுக்காட்டால், பெருக்கி, வந்த எண்ணை அவன் பார்வைத் தூரத்திலிருந்து கழிக்க வேண்டும். எதிரியின் பார்வை 400 மீட்டர், உங்கள் காமோ 40 விழுக்காடு என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 350இல் 40 விழுக்காடு 140. ஆக, திறந்த வயலில் அவன் உங்களை 260 மீட்டரில் பார்த்துவிடுவான். அதே வண்டி அடர்ந்த புதரின் பின்னால் நின்றால் புதர் 50 விழுக்காடு சேர்த்துக் கொடுக்கும். 90 விழுக்காட்டுக்குக் கணக்குப் போட்டால் அவன் உங்களைப் பார்க்க 85 மீட்டர் வரை வந்தாக வேண்டும். உங்களுக்கும் அதே 400 மீட்டர் பார்வை என்றால், 10 விழுக்காடு காமோ உள்ள ஒரு ஹெவியை நீங்கள் 365 மீட்டரிலேயே பார்த்துவிடுவீர்கள். ஒரு புதரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் உங்களுக்கும் அவனுக்கும் இடையில் 280 மீட்டர் வித்தியாசம் கிடைக்கிறது, அந்த இடைவெளிதான் நம் பிழைப்பு.

வள்ளியூர்க்காரரைப் போன்ற ஒருவர் உங்களைச் சுட்டதும் இதே கணக்கில்தான். அவரும் நல்ல காமோவோடு அடர்ந்த புதரில் இருந்தால் உங்கள் 400 மீட்டர் பார்வைக்கு அவர் தெரிவது 85 மீட்டரில். பைனாகுலர் போட்டு 500 ஆக்கினாலும் 95 மீட்டர்தான். எனவே பின்வரிசை டீடியை ஓடிப் போய்க் கண்டுபிடிப்பேன் என்று கிளம்புவது தற்கொலை. அவர் சுடும்வரை காத்திருங்கள். சுட்ட கணத்தில் அவருடைய காமோ சரிந்துவிடும், அவரிடமிருந்து 15 மீட்டருக்குள் இருக்கும் புதர்களும் தம் மறைப்பைப் பெருமளவு இழந்துவிடும்.

சுடலாமா என்று நீங்கள் கேட்டதற்கு விடையும் இதில்தான் இருக்கிறது. முன்வரிசைப் புதரில் ஒட்டி நின்று பார்க்கும்போது சுடவே சுடாதீர்கள். கரையில் நடந்து போகும் மாட்டைக் கண்டு எந்த வாத்தும் பறப்பதில்லை, கை தட்டினால் மொத்தக் குளமும் எழும்பிவிடும். லைட் டேங்கும் அப்படித்தான். மற்ற வகை வண்டிகளுக்கு ஓடும்போது காமோ குறையும், நமக்கு ஓடினாலும் நின்றாலும் அதே காமோ. நம்மைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் நம் ஓட்டம் அன்று, நம் துப்பாக்கிதான். சுட்டே ஆக வேண்டுமானால் மெதுவாகப் பின்னால் வாருங்கள். கண்ணாடி போல ஊடுருவித் தெரிந்த புதர், 15 மீட்டர் கடந்ததும் திரையில் பச்சைச் சுவர் போல அடைத்துக்கொள்ளும். அங்கிருந்து, வேறொருவர் பார்த்துக் கொடுக்கும் எதிரியைச் சுடலாம், புதரின் மறைப்பு குலையாது.

இன்னொன்று. போகும் வழியில் மரங்களைச் சாய்த்துக்கொண்டு போகாதீர்கள். பனை விழுந்தால் அடுத்த விளையில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பானா, மாட்டானா? ஆளே தெரியாத இடத்தில் மரம் சாய்வதைக் கண்டு நான் எத்தனையோ லைட் டேங்குகளின் வழியைக் கண்டுபிடித்திருக்கிறேன். சாய்ந்த மரம் தரும் மறைப்பும் நிற்கும் மரத்தைவிடக் குறைவு.


முக்கூடல் மின்னல் எழுதியது:

கரையோரக் கண் அண்ணாச்சியின் கணக்கில் பிழை இல்லை, ஆனால் அதை மட்டும் படித்துவிட்டுப் பதினைந்து நிமிட ஆட்டத்தில் பதினான்கு நிமிடம் ஒரே புதரில் தவம் இருக்கும் தம்பிகளை நான் தினமும் பார்க்கிறேன். மலினோவ்கா, ப்ரொகோரோவ்கா போன்ற திறந்த மேப்பில் முதல் நான்கைந்து நிமிடம் புதர் சோறு போடும். அதன் பிறகு எதிரிகள் அந்தப் பக்கம் வருவதை நிறுத்தியிருப்பார்கள், அல்லது ஆர்ட்டி (தொலைவிலிருந்து குண்டு வீசும் பீரங்கி வண்டி) அந்தப் புதரைக் குறித்து வைத்திருக்கும். ஒரு நிமிடம் முழுக்கத் திரையில் புதிதாக யாரும் தெரியவில்லை என்றால் அந்த இடம் செத்துவிட்டது என்று பொருள். மினிமேப்பைப் பார்த்து, நம் ஹெவிகள் எந்தப் பக்கம் தள்ளாடுகிறார்களோ அங்கே கண்ணைக் கொண்டுபோய் வைப்பதுதான் லைட் டேங்கின் வேகத்திற்கு உண்மையான வேலை.

நகர மேப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஹிம்மல்ஸ்டார்ஃபில் புதரும் இல்லை, 300 மீட்டர் பார்வைக்குத் திறந்த இடமும் அரிது. அங்கே தெருவுக்குள் ஹெவியின் எதிரே போய் நிற்பது, டவுன் ரதவீதியில் தேர் வரும்போது குறுக்கே சைக்கிள் விடுவதற்குச் சமம். நான் செய்வது இதுதான். தொடக்கத்தில் ரயில் தண்டவாளப் பக்கம் யார் வருகிறார்கள் என்று ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்குவேன். பிறகு இரண்டாவது வரிசையில், நம் ஹெவியின் பின்புறம் நின்று, அவர் குண்டு வாங்கும்போது எதிரி மறுபடி லோடு செய்யும் இடைவெளியில் ஒரு குண்டு மட்டும் போட்டு மறைவேன். ஏழெட்டுப் பேர் செத்து மேப் காலியான பின்புதான் நம் நேரம் தொடங்குகிறது. அப்போது எதிரியின் பின்புறத்துக்கும் பேஸுக்கும் ஆர்ட்டிக்கும் நம்மைப் போல விரைந்து போக ஒருவராலும் இயலாது. ஆகவே நகர மேப்பில் முதல் பாதியில் உயிரோடு இருப்பதே ஒரு வேலை. அதைக் கோழைத்தனம் என்று சாட்டில் எழுதுபவருக்குப் பதில் எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள்.


ஓய்வுபெற்ற ரேடியோ எழுதியது:

அம்பாசமுத்திரத்திலிருந்து எழுதுகிறேன். பேரன் ஆடுவதைப் பார்த்துப் பழகியவன், முன்னாள் படைவீரன். நான் சேர்ந்தது 1971க்குப் பல ஆண்டுகள் பின்னால், ஆனால் தம்பி ஓட்டும் சாஃபி என்ற பெயரைப் படித்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. 1971 நவம்பரில், அப்போதைய கிழக்குப் பாகிஸ்தானின் கரீப்பூரில், நம் ராணுவத்தின் 45 கேவல்ரி என்ற டேங்க் படைப்பிரிவின் பிடி-76 டேங்குகள் 14 முன்னே போய் இடம் பிடித்துக் காத்திருந்தன. காலை மூடுபனிக்குள் பாகிஸ்தானின் எம்24 சாஃபிகள் அவற்றை நோக்கி வந்தன. இரு தரப்பும் லைட் டேங்குகளே, இரு பக்கத்துக் கவசமும் மெலிந்ததே. நின்று காத்திருந்தவர்களின் கை ஓங்கியது, பனிக்குள் ஓடி வந்த சாஃபிகளில் பெரும்பாலானவை அங்கேயே முடிந்தன. நிஜப் போரில் புதருக்கு விழுக்காடும் இல்லை, தலைக்கு மேல் எரியும் விளக்கும் இல்லை. ஆனால் ஓடிவருபவனைவிட நிற்பவனுக்கு முதலில் தெரியும் என்பதில் ஆட்டத்துக்கும் அதற்கும் வேறுபாடு காணவில்லை.

விளக்கு என்றதும் இன்னொன்று. பேரன் அந்த விளக்கு எரிந்தவுடன் பதறி வெளியே ஓடுகிறான். எதிரி பார்த்து 3 வினாடி கழித்துத்தானே அது எரிகிறது? அதற்குள் குழல்கள் எல்லாம் திரும்பியிருக்கும். ஓடுவதற்கு ஒரு பள்ளத்தையோ மேட்டையோ முன்பே பார்த்து வைக்காத இடத்தில் நிற்கவே கூடாது என்று அவனிடம் சொன்னேன், அவன் கேட்கவில்லை. நீங்களாவது கேளுங்கள்.


பேட்டை ஓட்டுநர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இன்று மாலை ஆறு ஆட்டங்கள் ஆடிப் பார்த்தேன். இரண்டில் பழைய வழக்கப்படி ஓடிச் செத்தேன், அதை மறைக்க விரும்பவில்லை. மீண்டும் ப்ரொகோரோவ்கா வந்தபோது நடு வயலை விட்டுவிட்டுச் சாலையோரப் புதர் ஒன்றில், பின்னால் ஒரு சிறு பள்ளம் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, நின்றேன். பைனாகுலர் செயல்படத் தொடங்கியதும் எதிரில் ஒன்றன்பின் ஒன்றாக மூவர் தெரிந்தார்கள். மிக அருகில் ஒரு மீடியம் டேங்க் பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு போனது. விரல் சுடும் பொத்தானின் மேலேயே இருந்தது. சுடவில்லை. நம் டீடிகள் இருவர் அதை முடித்தார்கள். இறுதியில் நான் நேரடியாகக் கொடுத்த டேமேஜ் ஒரே குண்டுதான், ஆனால் அசிஸ்ட் கணக்கில், அதாவது நான் காட்டிக்கொடுத்து மற்றவர்கள் கொடுத்த டேமேஜில், அணியிலேயே முதல் ஆளாக வந்தேன்.

ஒரு ஐயம் மட்டும் மீதம் இருக்கிறது. பைனாகுலருக்குப் பதில், பார்வைத் தூரத்தைக் கூட்டும் இன்னொரு கருவியான கோட்டட் ஆப்டிக்ஸ் போடலாமா?


கரையோரக் கண் எழுதியது:

சுடாமல் விட்ட அந்த மீடியத்துக்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். ஆப்டிக்ஸ் ஓடும்போதும் வேலை செய்யும், ஆனால் கூட்டுவது அடிப்படையில் 10 விழுக்காடுதான். முக்கூடல்காரரைப் போல இடம் மாறி மாறி ஆடப் பழகிய பிறகு அதற்கு மாறுங்கள். இப்போதைக்குப் பைனாகுலரோடு காமோ நெட் என்ற மறைப்பு வலையைச் சேர்த்துப் போடுங்கள், அதுவும் நின்றால்தான் செயல்படும் என்பதால் உங்களை நிற்கப் பழக்கும். எதிரியை 445 மீட்டருக்கு அப்பால் யாராலும் கண்டுபிடிக்க இயலாது என்றாலும் பார்வைத் தூரத்தை அதற்கு மேல் கூட்டுவது வீணன்று, மேலே போட்ட கணக்கில் அந்த மிச்சம் எதிரியின் காமோவைத் தின்னும். 500 மீட்டர் பார்வையோடு 40 விழுக்காடு காமோவைத் துழாவினால் 320 மீட்டரில் ஆள் தெரிவான், 400 மீட்டர் பார்வைக்கு அதே ஆள் 260 மீட்டரில்தான் தெரிவான்.


வள்ளியூர் டீடி எழுதியது:

தம்பி நின்றது எந்தப் புதர் என்று இங்கே எழுதிவிடாதீர்கள், நானும் ஆசியா சர்வரில்தான் ஆடுகிறேன்.