எலுமிச்சை மணக்கும் யூகலிப்டஸ்: சாடியிலா, நிலத்திலா?

வெள்ளவத்தை_மல்லிகை:
போன மாதம் தியத்த உயனவில் யூகலிப்டஸ் என்று சொல்லித் தந்த கன்றை வாங்கினேன். நான் வளர்ந்தது அட்டன் பக்கம். எங்களுக்கு அது டர்பன்டைன் மரம். தேயிலைத் தொழிற்சாலைக்கு லொறி லொறியாக விறகு போகும். தடிமன் வந்தால் அம்மா அந்த இலையை அவித்து, தலையில் போர்வையைப் போட்டு ஆவி பிடிக்கவைப்பார். அந்த மணத்துக்காகத்தான் வாங்கினேன். வீட்டுக்கு வந்து இலையைக் கசக்கினால் எலுமிச்சை! ஏமாந்துவிட்டேனா? இலை சொரசொரவென்று, மயிர் முளைத்தது போல இருக்கிறது. இப்போது முழங்கால் உயரம். நாங்கள் இருப்பது இரண்டாம் மாடி, கடற்காற்று நேரே அடிக்கும். கீழே மதிலோரம் நாலடி மண் கிடக்கிறது. அங்கே நட்டால் நுளம்பு வராது என்கிறார் வீட்டுக்காரர். நடலாமா?

பழைய_கணக்கப்பிள்ளை:
ஏமாறவில்லை மகள். இதுவும் அந்தக் குடும்பம்தான், சொந்த ஊர் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து. 1995இல் தாவரவியலாளர்கள் இதை யூகலிப்டஸிலிருந்து பிரித்து கோரிம்பியா என்ற பேரினத்தில் சேர்த்தார்கள். கடைக்காரர் பழைய பெயரில் விற்கிறார், நானும் அப்படித்தான் சொல்வேன்.

கன்றின் இலையைத் திருப்பிப் பாருங்கள். காம்பு இலையின் விளிம்பில் சேராமல் சற்று உள்ளே தள்ளிச் சேர்ந்திருக்கும். ஆவிக்குப் பேர்போன புளூ கம் என்றால் கன்றில் காம்பே இராது; இலையில் நீலச் சாம்பல் பூத்திருக்கும், தண்டு நாலு பட்டையாக இருக்கும். அதன் எண்ணெயில் கூடுதலாக இருப்பது சினியோல். மூக்கைத் திறப்பது அதுதான். உங்களுடையதில் பெரும்பங்கு சிட்ரனெல்லால். நம் தென் மாகாணத்தில் புல்லிலிருந்து வடிக்கிறார்களே சிட்ரனெல்லா எண்ணெய், அதிலும் இந்தச் சரக்கு இருக்கிறது. அவித்தால் வீடு மணக்கும், ஆனால் அம்மா பிடிக்கவைத்த அந்த ஆவி மணம் வராது.

நிலத்தில் மட்டும் வைக்காதீர்கள். 100 அடிக்கு மேல் போகிற மரம் அது. கொட்டாஞ்சேனையில் மகன் வீட்டுக்குப் பக்கத்து வளவில் யாரோ ஆசைக்கு நட்டார்கள். ஒரு மே மாதக் காற்றில் கிளை முறிந்து எங்கள் தகரக் கூரையில் விழுந்தது. அப்புறம் வெட்ட வந்தவர்கள் கேட்ட கூலியில் ஒரு தோட்டமே வாங்கியிருக்கலாம்.

தெஹிவளை_மாடி:
அக்கா, நான் நாலு வருடமாக இதையேதான் சாடியில் வளர்க்கிறேன். தும்புத்தூள், ஆற்று மணல், கொம்போஸ்ட் கலவை. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்காமல் இருந்தால் போதும், வேறு கஷ்டம் தராது. நெஞ்சு உயரம் வந்ததும் உச்சியை வெட்டிவிடுவேன். ஒருமுறை கோபத்தில் அடியோடு வெட்டினேன், அடித்தண்டில் இருக்கிற முடிச்சிலிருந்து மறுபடி துளிர்த்துக்கொண்டு வந்தது. சாடி மாற்றும்போது மண்ணை உதறாமல் கட்டியாகத் தூக்குங்கள், வேரைத் தொட்டால் கோபித்துக்கொள்ளும். முதல் வருடம் கடல் பக்கத்தில் வைத்து இலையோரமெல்லாம் கருகிப்போனது. உள்பக்கம் வெயில் விழும் மூலை இருந்தால் அங்கே வையுங்கள்.

நுளம்புக் கதையை நம்பி நானும் வாங்கினேன். சாடிக்கு அடியில் தட்டு வைத்திருந்தேன். டெங்கு பார்க்க வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) அதில் டோர்ச் அடித்துக் குடம்பிகளைக் காட்டினார். நுளம்பை விரட்ட வைத்த மரத்தின் அடியில் நானே நுளம்பு வளர்த்திருக்கிறேன்! சும்மா நிற்கிற மரம் எதையும் விரட்டாது. இந்த எண்ணெயைப் பதப்படுத்தி எடுக்கிற பி.எம்.டி. என்ற பொருளைத் தோலில் பூசினால்தான் நுளம்பு அண்டாது. அதையும் 3 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பூசக்கூடாது.

வெள்ளவத்தை_மல்லிகை:
நன்றி ஐயா, தம்பி. காம்பு நீங்கள் சொன்னபடியே உள்ளே தள்ளித்தான் இருக்கிறது. தட்டை எடுத்துவிட்டேன், நல்ல வேளை காய்ந்து கிடந்தது. வீட்டுக்காரரிடம் அந்த மண்ணில் கறிவேப்பிலை வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஆவி பிடிக்க என்ன செய்வது?

பழைய_கணக்கப்பிள்ளை:
புறக்கோட்டை கேபோஸ் லேனில் யூகலிப்டஸ் தைலம் கேளுங்கள். வெந்நீரில் நாலைந்து சொட்டு போதும். போத்தலைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். குடித்தால் நஞ்சு, சின்னப் பிள்ளைக்கு ஒரு தேக்கரண்டியே வலிப்பு வரவைக்கும். சுடுதண்ணீர்ப் பானைக்குப் பக்கத்திலும் அவர்களை விடாதீர்கள்.

வெள்ளவத்தை_மல்லிகை:
சரி ஐயா, சனிக்கிழமை போகிறேன். எலுமிச்சை இலை நாலைக் காயவைத்துச் சேலை அலுமாரிக்குள் போட்டேன். அம்மா திறந்து பார்த்துவிட்டு, "யார் இதுக்குள்ள தேசிக்காய் வச்சது?" என்று கேட்கிறார்.