சான் செபாஸ்டியன் இகெல்தோ மலைப் பூங்கா: அரை நாள் ஒதுக்கலாமா?

கேள்வி:
ஸ்பெயினின் வடக்குக் கடற்கரையிலுள்ள சான் செபாஸ்டியனில் வரும் செப்டம்பரில் இரண்டு நாள்கள் தங்கவிருக்கிறோம். கடலை ஒட்டிய இகெல்தோ மலையின் உச்சியில் பழங்காலக் கேளிக்கைப் பூங்கா ஒன்று இருப்பதாக அறிந்தோம். எட்டு வயது மகனும், முழங்கால் வலியுள்ள என் தாயாரும் உடன் வருகிறார்கள். அங்கே அரை நாள் செலவிடுவது பொருத்தமாக இருக்குமா?

பதில் 1:
தாராளமாகச் செல்லலாம். ஒந்தாரெத்தா கடற்கரையின் மேற்குக் கோடியிலிருந்து, 1912-இல் தொடங்கப்பட்ட இழுவை ரயில் மேலே செல்கிறது. ஒரே கம்பிவடத்தின் இரு முனைகளிலும் கட்டப்பட்ட இரண்டு மரப்பெட்டிகளில் ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்குவதையும், பாதி வழியில் இரண்டும் உரசாமல் விலகிச் செல்வதையும் உங்கள் மகன் கண்கொட்டாமல் பார்ப்பான். சரிவுக்கேற்ப நடைமேடையும் படிப்படியாகவே அமைந்திருப்பதால், தாயாருக்குச் சிரமமாகத் தோன்றினால் சாலை வழியாக வாடகைக் காரில் மேலே சென்றுவிடுங்கள்.

'மொந்தான்யா சுய்சா' என்னும் ரோலர் கோஸ்டரைத் தவறவிடாதீர்கள். 1928-இல் கட்டப்பட்ட அதில் பிரேக் பிடிக்கும் பணியாளரும் வண்டியிலேயே உடன் வருகிறார். எந்த வளைவில் எவ்வளவு வேகத்தைக் குறைப்பது என்பது அவர் கையில்தான் இருக்கிறது. (ஸ்பானிய மொழியில் ரோலர் கோஸ்டருக்கு 'ரஷ்ய மலை' என்று பெயர், இங்கு மட்டும் அது 'சுவிஸ் மலை' ஆகிவிட்டது.) தலைகீழாகச் சுற்றும் சாகசம் எதுவும் இல்லை. ஆனாலும் தடம் மலை விளிம்பில் திரும்பும்போது கீழே கடல் மட்டுமே தெரிவதால், அடிவயிறு ஒரு கணம் கலங்கத்தான் செய்யும்.

பதில் 2:
என் கருத்து சற்று மாறுபட்டது. நவீனப் பூங்காக்களுக்குப் பழகிய என் பிள்ளைகள் ஒரு மணி நேரத்திலேயே சலித்துவிட்டார்கள். மேலும், ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியே கட்டணம் செலுத்த வேண்டியிருப்பதால் சில்லறைச் செலவு பெருகிவிடும். எனக்குக் கிடைத்த நிறைவு காட்சியில்தான்: கொஞ்சா விரிகுடாவின் பிறை வடிவக் கரையும், அதன் வாயில் நிற்கும் சாந்தா கிளாரா தீவும், எதிர்க்கரையில் உர்குல் மலையும் ஒரே பார்வையில் அடங்குகின்றன. தாயார் அமர்ந்து பார்க்க அதுவே போதும். அரை நாள் தேவையில்லை. மாலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

பதில் 3:
மாலை என்பதை நானும் வழிமொழிகிறேன். ஆனால் வானத்தைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். 'சிரிமிரி' என்று அவ்வூரார் அழைக்கும் பொடித்தூறல் பிடித்துக்கொண்டால், மேலே ஏறியும் வெண்மையைத் தவிர வேறெதுவும் தெரியாது. அப்படி நேர்ந்தால் மலையடிவாரத்திலேயே, பாறைகளில் பொருத்தப்பட்ட எதுவார்தோ சில்லிதாவின் 'காற்றின் சீப்பு' எஃகுச் சிற்பங்களுக்குச் செல்லுங்கள். அங்கே தரையில் துளைகள் இருக்கின்றன. அலை அடியில் மோதும்போதெல்லாம் அவற்றின் வழியே காற்று பெருமூச்சுபோலப் பீறிட்டு வரும். கடல் கொந்தளித்தால் நீரும் தெறிக்கும். என் மகள் ஒவ்வொரு துளையிலும் காலை வைத்துப் பார்த்தபின்தான் நகர்ந்தாள்.